பன்னிரண்டரை அடி வீட்டுச் சமையலறை

கேள்வி: நாங்கள் யாங்கூன் தாம்வேயில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். பன்னிரண்டரைக்கு ஐம்பது அடி வீடு. மாமனார், மாமியார், நாங்கள் இருவர், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருவர். சமையலறை வீட்டின் கடைசியில், குளியலறையை ஒட்டி இருக்கிறது. 7 அடிக்கு 9 அடி. இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் உள்ளே வர முடியாது. பகலிலும் லைட் போட வேண்டும். ஒரு மேஸ்திரி வந்து பார்த்தார். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் உள்ள சுவரை இடித்துவிட்டு, மூன்று சுவரிலும் கூரை வரை அலமாரி அடித்து, கதவுகளில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒட்டி, மேடைக்குக் கறுப்பு கிரானைட் போட்டால் இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும் என்கிறார். சுவரை இடிக்க மாமியாருக்குத் துளியும் சம்மதமில்லை. கையில் பணமும் அதிகமில்லை. அளவுகளும் ஆறு படங்களும் அனுப்பியிருக்கிறேன். என்ன செய்யலாம்?

— ஒரு வாசகி, தாம்வே

அன்புள்ள சகோதரிக்கு,

இந்த வழக்கில் நான் பாதி உங்கள் மாமியார் பக்கம், கால் பங்கு மேஸ்திரி பக்கம். மீதிக் கால் பங்குக்கு நானே பொறுப்பு.

படங்களை இரண்டு நாள் மேசை மேல் பரப்பி வைத்துப் பார்த்தேன். முதலில் ஒரு கணக்குப் போட்டேன். உங்கள் சமையலறை 63 சதுர அடி. அதில் 9 அடி நீளமும் 2 அடி அகலமுமான மேடை 18 சதுர அடியை எடுத்துக்கொள்கிறது. அதை விடுங்கள், அது வேலை செய்யும் இடம். அப்புறம் தரையில் நிற்பவை: ஃபிரிட்ஜ் 4, நீல டிரம் 4, இருபது லிட்டர் தண்ணீர்ப் புட்டிகள் மூன்றும் சேர்ந்து 3, அரிசி மூட்டை 2, கிரைண்டரும் கரி அடுப்பும் சேர்ந்து 3, வலை போட்ட பழைய மர அலமாரி 3. மொத்தம் 19 சதுர அடி. மீதி 26. இரண்டரை அடிக் கதவு உள்பக்கமாகத் திறக்கிறது. அது சுழல்வதற்கு 5 சதுர அடி காலியாக இருந்தாக வேண்டும். கடைசியில் உங்களுக்கு நிற்கக் கிடைப்பது 21 சதுர அடி, ஒரு பாய் விரிக்கும் இடத்தைவிடக் கொஞ்சம் அதிகம். அந்தப் பாய் அளவு இடத்தில்தான் ஆறு பேருக்குச் சமையல் நடக்கிறது.

ஆக, அறை சின்னதுதான், ஆனால் நெருக்கடி அறையால் மட்டும் வரவில்லை. 1926-ல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரத்துத் தொழிலாளர் வீடுகளுக்காக மார்கரெட்டெ ஷுட்டெ-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் ஒரு சமையலறை வரைந்தார். ரயிலில் சாப்பாட்டுப் பெட்டியோடு சேர்ந்த சின்ன அடுக்களையைப் பார்த்து வந்த யோசனை அது. 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர், நம் கணக்கில் 70 சதுர அடிக்குக் கொஞ்சம் குறைவு. கிட்டத்தட்ட உங்கள் அறைதான். ஏறக்குறைய 10,000 வீடுகளில் அதைப் போட்டார்கள். இன்றைய மாடுலர் கிச்சனுக்கெல்லாம் பாட்டி அதுதான். ஆனால் அந்தப் பாட்டியை அப்படியே தாம்வேக்குக் கூட்டி வந்துவிட முடியாது. அது ஒரே பெண் தனியாக நின்று சமைப்பதற்கு வரைந்தது. உங்கள் நான்காவது படத்தில் ஒரு மூலையில் அரிவாள்மனை சாய்த்து வைத்திருக்கிறது, பார்த்தேன். உங்கள் மாமியார் தரையில் உட்கார்ந்துதான் காய் நறுக்குகிறார், இல்லையா? மேஸ்திரியின் திட்டத்தில் அவர் உட்கார இடமே இல்லை. அவர் முகம் சுளித்ததற்குச் சுவர் மட்டும் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை.

என் அம்மாவின் சமையலறையைப் பற்றி இந்த இடத்தில் சொல்ல வேண்டும். திங்கன்ஜூனில் மர வீடு, சமையலறை ஆறுக்கு எட்டு. உங்களுடையதைவிடச் சின்னது. ஆனால் எங்கள் நினைவில் அது பெரிய அறை. காரணம் பிறகுதான் புரிந்தது. மழைக்காலத்தில் வாசல் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்துவிடும். அதற்குப் பயந்து அம்மா எதையும் தரையில் வைக்க மாட்டார். அரிசி, கரி, வெங்காயம், மீன் விழுதான நாப்பி ஜாடி எல்லாம் மூங்கில் தட்டில், ஆணியில், உறியில். தரை எப்போதும் துடைத்துவிட்டாற்போல் கிடக்கும். ஒரு அறை எவ்வளவு பெரிது என்று கண் அளப்பது தரையை வைத்துத்தான். சுவர் தரையைத் தொடுகிற கோடு தெரிந்தால் அறை முழுசாகத் தெரியும். அந்தக் கோட்டை மூட்டையும் டிரம்மும் மறைத்தால் அவை நிற்கும் இடத்தோடு அறை முடிந்துவிட்டதாகக் கண் எடுத்துக்கொள்ளும்.

அதனால் முதல் வேலைக்கு ஒரு சாட்டும் செலவில்லை. பொங்கல் வருகிறது. போகிக்கு வீட்டை ஒழிக்கும் வழக்கத்தை இந்த வருஷம் மேடைக்கு அடியிலிருந்து தொடங்குங்கள். மூன்றாவது படத்தில் அங்கே என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். பெயின்ட் டப்பா நான்கு, காலி எண்ணெய்ப் புட்டிகள், உடைந்த மின்விசிறியின் தலை, அப்புறம் என்னவென்று அடையாளம் தெரியாத ஒரு சாக்கு. வீட்டில் மிக அருமையான 18 சதுர அடி அது. அதை எதற்கும் உதவாத சாமான்களுக்குக் கொடுத்துவிட்டு, தினமும் தொடும் அரிசியைக் காலடியில் வைத்திருக்கிறீர்கள்.

மேடைக்கு அடியில் உள்ள இடத்தைக் கான்கிரீட் கால்கள் மூன்று அறைகளாகப் பிரிக்கின்றன. சிங்க்குக்கு அடுத்த அறை தண்ணீருக்கு. 200 லிட்டர் டிரம் கிட்டத்தட்ட 35 அங்குல உயரம், உங்கள் மேடையோ 32 அங்குலம். உள்ளே போகாது. அதற்குப் பதிலாக மூடி போட்ட குட்டையான பீப்பாய்கள் இரண்டு, ஒவ்வொன்றும் 50, 60 லிட்டர், உருளை வைத்த பலகை மேல் வைத்தால் இழுத்து எடுக்கலாம். மின்சாரம் முறை வைத்து வரும் ஊரில், மோட்டார் ஓடாத நாளுக்குத் தண்ணீர் பிடித்து வைக்காமல் முடியாது, தெரியும். பெரிய டிரம் குளியலறைக்குப் போகட்டும். அங்கேயும் சுவர் ஓரமாக வையுங்கள், நிறைந்தால் அது 200 கிலோ. நடு அறை அரிசிக்கும் கிரைண்டருக்கும். 24 ப்யி (பர்மிய அரிசிப் படி) மூட்டையை அப்படியே நிறுத்தி வைக்காமல் மூடியுள்ள இரண்டு பெட்டிகளில் கொட்டிக்கொள்ளுங்கள். பின்சந்து எலிக்கும் அதுதான் மருந்து. குடிதண்ணீர்ப் புட்டிகளில் இரண்டு கடைசி அறையில் படுத்துக்கொள்ளும், ஒன்று மட்டும் மேடை மேல் நிற்கட்டும்.

கேஸ் சிலிண்டரை மட்டும் இந்த அறைகள் எதிலும் கதவு போட்டு மூட வேண்டாம். அழகுக்காகப் பலர் அப்படிச் செய்கிறார்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும். சிலிண்டர் நிற்கும் இடத்தில் தரையோடு காற்றுப் போக வழி இருக்க வேண்டும். ஒரு துணித் திரை போட்டால் போதும், அதையும் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கியே போடுங்கள்.

இனி ஃபிரிட்ஜ். இதைச் சொன்னால் பாதிப் பேர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். அதைச் சமையலறையை விட்டே வெளியேற்றுங்கள். தடுப்புச் சுவரின் மறுபக்கம், சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் நிற்கட்டும். மேடையிலிருந்து நான்கு எட்டு. ஒரு நாளைக்குச் சமைக்கும்போது ஃபிரிட்ஜை எத்தனை தடவை திறக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். பிள்ளைகள் தண்ணீருக்குத் திறப்பதுதான் அதிகமாக இருக்கும். ஃபிரிட்ஜ் வெளியே போனால் அவர்களும் உங்கள் கால் நடுவே வர மாட்டார்கள். அதைவிடப் பெரிய லாபம் இன்னொன்று. ஃபிரிட்ஜ் இப்போது ஜன்னலில் பாதியை மறைத்துக்கொண்டு நிற்கிறது. பகலில் லைட் எரிவதற்கு அதுதான் காரணம்.

நம் ஊர் வீடுகளின் கதையே இந்த ஜன்னலில்தான் இருக்கிறது. 1852 ஆங்கிலேய-பர்மியப் போருக்குப் பிறகு ஆங்கிலேயர் ரங்கூன் நகர மையத்தைக் கட்டம் கட்டமாகத் தெருப் பிரித்தபோது மனைகள் குறுகலாகவும் ஆழமாகவும் விழுந்தன. பிறகு மற்றப் பேட்டைகளில் எழுந்த அடுக்குமாடிகளும் அந்த வடிவத்தை விடவில்லை. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். வெளிச்சம் வருவது தெருப் பக்கமும் பின்சந்துப் பக்கமும் மட்டும். ஐம்பது அடி வீட்டில் வெளிச்சத்துக்கு இரண்டே வாசல், அதில் ஒன்றில் ஃபிரிட்ஜ்! பின்சந்து அழகாக இருக்காது, குப்பை நாறும், சரி. பார்க்கப் பிடிக்கவில்லையென்றால் ஜன்னலின் கீழ்ப்பாதிக்கு மங்கலான கண்ணாடி போடுங்கள். மேல்பாதியில் வானம் தெரியட்டும். ஜன்னல் கம்பிக்குப் பச்சைப் பெயின்ட் அடித்திருக்கிறீர்கள், அதை வெள்ளையாக்குங்கள். அந்த மாற்றமே படத்தில் தெரியும்.

சுவர் விஷயத்துக்கு வருகிறேன். இடிக்கவே வேண்டாம் என்கிறார் உங்கள் மாமியார். அவர் சொல்லும் காரணத்தை நீங்கள் எழுதவில்லை, நான் ஊகிக்கிறேன். ஹாலில் சாமி படங்கள் இருக்கின்றன, சமையலறையில் நாப்பியும் கருவாடும் வேகின்றன. தாளித்தால் சாமிக்கே தும்மல் வரும். இதில் அவர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. அயல்நாட்டுப் படங்களில் பார்க்கும் திறந்த சமையலறை, எண்ணெய் அதிகம் காயாத சமையலுக்கு ஏற்றது. நம் வீட்டில் ஒரு வருஷத்தில் சோஃபாத் துணியிலேயே மீன் குழம்பு வாசனை ஏறிவிடும்.

ஆனால் மேஸ்திரி சொன்னதிலும் ஒரு உண்மை இருக்கிறது. அந்தச் சுவர் பின்பக்க வெளிச்சத்தை ஹாலுக்கு வர விடாமல் தடுக்கிறது. சமையலறையில் நிற்பவருக்கோ கண் நாலரை அடியில் முட்டிக்கொள்கிறது. உங்களிடம் அகலம் இல்லை, ஐம்பது அடி நீளம் இருக்கிறது. மேடை முன்னால் நின்று தலையைத் திருப்பினால் தெருப்பக்க பால்கனி வரை பார்வை ஓடினால், அந்த அறை எப்படி ஏழடி அறையாகத் தோன்றும்?

இரண்டு பேருக்கும் பொதுவான வழி இதுதான். கதவை ஒட்டிய நாலரை அடிச் சுவரில், தரையிலிருந்து 4 அடி வரை அப்படியே விட்டு, 4 முதல் 7 அடி வரை வெட்டி எடுங்கள். அங்கே அலுமினியச் சட்டத்தில் நகரும் கண்ணாடி இரண்டு. தாளிக்கும்போது மூடலாம், மற்ற நேரம் திறந்து அதன் வழியாகவே தட்டை மேசைக்குக் கொடுக்கலாம். கீழே மிஞ்சும் 4 அடிச் சுவருக்கு ஹால் பக்கம் சாப்பாட்டு மேசை ஒட்டி நிற்கும். உள்ளே திறக்கும் கதவைக் கழற்றிவிட்டு, ஹால் பக்கச் சுவரோடு நகரும் கதவாக மாற்றுங்கள். அந்த 5 சதுர அடி உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். கண்ணாடியும் கதவும் மூடினால் நாப்பி உள்ளே, சாமி வெளியே.

வெட்டுவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. கதவுச் சட்டத்தின் அகலத்தை வைத்துப் பார்த்தால் அது நாலரை அங்குலச் செங்கல் சுவர். தூண்-உத்திரம் வைத்துக் கட்டிய அடுக்குமாடியில் இப்படிப்பட்ட சுவர் பொதுவாகப் பாரம் தாங்குவதில்லை. ஆனால் 'பொதுவாக' என்ற சொல்லை நம்பி யாரும் சுத்தியலைத் தூக்கக் கூடாது. ஒரு எஞ்சினியர் நேரில் வந்து பார்க்கட்டும். மேல்வீட்டுக்காரர், கீழ்வீட்டுக்காரர் காதிலும் போடுங்கள். திறப்புக்கு மேலே லிண்டல் போட்டுத்தான் வெட்ட வேண்டும். 2025 மார்ச் 28-ல் மண்டலே, சகாயிங் பக்கம் 7.7 அளவில் குலுங்கியதை நாம் மறக்கவில்லை. அதே சகாயிங் பிளவு தெற்கே பெகு வரை வருகிறது. 1930 மே மாதம் பெகுவில் வந்த நிலநடுக்கம் ரங்கூனிலும் ஆட்களைக் கொன்றது. இந்த ஊரில் சுவரைத் தொடும் வேலையை மேஸ்திரியின் தைரியத்தில் மட்டும் விடுவது எனக்குச் சம்மதமில்லை.

அதே காரணத்துக்காக, மூன்று சுவரிலும் கூரை வரை அலமாரி என்பதையும் நான் அடித்துவிடுகிறேன். நிலநடுக்கம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஏழடி அகலத்தில் இரண்டு பக்கமும் முகத்துக்கு நேரே ஓரடிப் பெட்டி தொங்கினால், கண் மட்டத்தில் அறை ஐந்தடியாகிவிடும். தரை எவ்வளவு காலியாக இருந்தாலும் மூச்சு முட்டும். மேடைக்கு மேலே, மேடையிலிருந்து 18 அங்குலம் விட்டு, 10 அங்குல அகலத்தில் ஒரே ஒரு திறந்த தட்டு போதும். அடுப்புக்கு நேர் மேலே அதையும் நிறுத்திவிடுங்கள். ஜன்னல் இருக்கும் சுவரில் எதுவும் வேண்டாம்.

'அப்படியானால் சாமான்கள் எங்கே போகும்?' என்று கேட்பீர்கள். எதிர்ச்சுவர் இருக்கிறதே. ஃபிரிட்ஜ், மூட்டை, வலை அலமாரி எல்லாம் போன பிறகு அது முழுவதும் காலி. அங்கே ஆழம் குறைந்த அடுக்கு ஒன்று, 8 அல்லது 10 அங்குலம், அதாவது ஒரு டப்பா ஆழம். உயரம் 7 அடி இருக்கலாம், நீளம் 5 அடி. ஒரு டப்பாவுக்குப் பின்னால் இன்னொரு டப்பா நிற்க முடியாது, அதுதான் இதன் பெருமை. ஆழமான அலமாரியில் பின்வரிசைக்குப் போன பருப்பு வண்டு பிடித்த பிறகுதான் வெளியே வரும். ஒற்றை வரிசையில் எல்லாம் முகம் காட்டி நிற்கும், ஒரே பருப்பை இரண்டு தடவை வாங்க மாட்டீர்கள். கீழ்த்தட்டைத் தரையிலிருந்து ஓரடி உயர்த்தியே தொடங்குங்கள். தரைக் கோடு தெரியட்டும் என்று சொன்னேனே, அதற்காக. கனமானது கீழே, லேசானது மேலே. ஒவ்வொரு தட்டின் முன்விளிம்பிலும் ஒரு அங்குலச் சட்டம் அடித்தால் குலுங்கினாலும் புட்டி விழாது. அடுக்கைச் சுவரில் எக்ஸ்பான்ஷன் போல்ட் போட்டு இறுக்க வேண்டும், வெறும் ஆணியில் நிற்கக் கூடாது.

இப்போது மேடைக்கும் இந்த அடுக்குக்கும் நடுவில் 4 அடிக்கு மேல் நடை கிடைக்கிறது. ஒருவர் மேடையில் நிற்க, உங்கள் மாமியார் பின்னால் அரிவாள்மனையோடு உட்கார, பிள்ளை ஒன்று நடுவில் புகுந்து ஓட இது போதும். அவர் உட்காரும் இடம் ஜன்னல் பக்கமாக இருக்கட்டும். நறுக்குகிற கைக்கு வெளிச்சம் வேண்டும், வயதான கண்ணுக்கு இன்னும் அதிகம் வேண்டும்.

பொங்கல் பானை, திருவிழாவுக்கு எடுக்கும் அண்டா, விருந்தாளி வந்தால் மட்டும் வெளியே வரும் தட்டுகள், இவற்றுக்குப் பரண். உங்கள் கூரை 10 அடி. கதவுக்கு மேலே, ஏழரை அடியில், 2 அடி ஆழத்துக்கு மட்டும் ஒரு பரண் போடலாம். பரணின் அடிப்பக்கத்துக்கும் கூரைக்கும் ஒரே வெள்ளை அடியுங்கள், தலைக்கு மேலே ஒரு பலகை இருப்பதே மறந்துவிடும். வெறும் பாத்திரம் மட்டும் அங்கே போகட்டும். எண்ணெய் டின்னைப் பரணில் ஏற்றும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது, அது வேண்டாம்.

முகம் பார்க்கும் கண்ணாடி பற்றி என் சொந்த அவமானம் ஒன்று. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் அடுப்புக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கண்ணாடி ஒட்டினேன். ஒட்டிய அன்று அந்த அறை மாளிகை மாதிரி இருந்தது. வீட்டுக்காரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது கண்ணாடி மேல் செய்தித்தாள் ஒட்டியிருந்தது. எண்ணெய்ப் படலம் தினமும் துடைத்தாலும் போகவில்லை, போதாக்குறைக்கு மேடையில் கிடக்கும் ஒவ்வொரு பாத்திரமும் இரண்டு இரண்டாகத் தெரிகிறது என்றார். கண்ணாடி இடத்தை மட்டும் இரட்டிப்பதில்லை, சாமானையும் இரட்டிக்கும்! அதற்குப் பிறகு சமையலறையில் நான் கண்ணாடி ஒட்டியதில்லை. பளபளப்பான வெளிர் நிற டைல்ஸ் அந்த வேலையில் பாதியைச் செய்யும், ஒரு துடைப்பில் சுத்தமாகும்.

நிறம். ஐந்தடி உயரம் வரை கரும்பச்சை ஆயில் பெயின்ட், அதற்கு மேல் அழுக்கு வெள்ளை என்று சுவர் இரண்டாக வெட்டுப்பட்டு நிற்கிறது. அந்தக் குறுக்குக் கோடுதான் கூரையைத் தாழ்த்துகிறது. தரையிலிருந்து கூரை வரை ஒரே நிறமாக இருக்கட்டும். பளீர் வெள்ளை நான் சொல்ல மாட்டேன். மஞ்சள்தூள் புழங்கும் வீட்டில் அது ஒரு மாதம்தான் தாங்கும். கன்னத்தில் தனக்கா பூசி உலர்ந்ததும் ஒரு நிறம் வருமே, மங்கலான சந்தன வெள்ளை, அதைப் பெயின்ட் கடையில் கலந்து கேளுங்கள். வெளிச்சத்தைத் திருப்பித் தரும், சின்னக் கறையை மன்னிக்கும். அடுக்குக்கும் அதே நிறம். டைல்ஸ் இடுக்குக்கு வெள்ளைச் சிமென்ட் வேண்டாம், வெளிர் சாம்பல் போடுங்கள். தரையில் ஹாலில் உள்ள அதே டைல்ஸ் கிடைத்தால் வாசற்படிக் கோடு இல்லாமல் உள்ளே கொண்டுவாருங்கள், ஹாலும் சமையலறையும் ஒரே அறையின் தொடர்ச்சி போலாகும். மேடைக்குக் கறுப்பு கிரானைட் மோசமில்லை, ஆனால் இருக்கும் கான்கிரீட் மேடை மேலேயே வெளிர் நிறப் பெரிய டைல்ஸ் ஒட்டினால் அந்தப் பணத்தில் நகரும் கண்ணாடி வந்துவிடும். எனக்கு வேண்டியது கண்ணாடிதான்.

விளக்கு இப்போது அறையின் நடுவில் ஒரே டியூப். மேடையில் நிற்கும்போது அது உங்கள் முதுகுக்குப் பின்னால். உங்கள் நிழலில்தான் நீங்கள் வெங்காயம் நறுக்குகிறீர்கள். திறந்த தட்டின் முன்விளிம்புக்கு அடியில் ஒரு எல்.இ.டி. பட்டை ஒட்டுங்கள். 12 வோல்ட் பட்டையாக வாங்கினால் ஒரு சின்ன பேட்டரியில் மின்சாரம் இல்லாத மாலையிலும் எரியும். மேடை வெளிச்சமாக இருந்தால் பின்னால் உள்ள சுவர் தள்ளிப் போனது போலத் தோன்றும்.

புகை போக ஜன்னலுக்கு மேலே ஒரு எக்ஸாஸ்ட் மின்விசிறி வையுங்கள். மின்சாரம் இல்லாத நேரம் அது வெறும் ஓட்டை என்பதால், ஜன்னலின் மேல் பகுதியும் திறக்கும்படி இருக்க வேண்டும். கரி அடுப்பு மூட்டும் நாளில் ஜன்னலும் ஹால் பக்கக் கண்ணாடியும் இரண்டுமே திறந்திருக்கட்டும். கரிப்புகையில் கண்ணுக்கும் மூக்கிற்கும் தெரியாத விஷவாயு இருக்கிறது. இதில் மட்டும் சாமிக்கு வாசனை போனால் போகட்டும்.

அலமாரி எந்தப் பலகையில் செய்வது என்று மேஸ்திரி கேட்பார். மரத்தூளை அழுத்திச் செய்த மலிவுப் பலகை வேண்டவே வேண்டாம். யாங்கூனில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,700 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பகுதி மே முதல் அக்டோபருக்குள் கொட்டிவிடும். அந்த ஈரத்தில் அந்தப் பலகை மொய்ங்கா மீன் குழம்பில் ஊறிய பேஜோ (பருப்பு வடை) மாதிரி உப்பிவிடும். அலுமினியச் சட்டம், அல்லது நல்ல பிளைவுட்டை எல்லா விளிம்பும் அடைத்து. உங்கள் பழைய வலை அலமாரி தேக்கு போலத் தெரிகிறது. அதை விற்காதீர்கள், தச்சரிடம் கொடுத்து அதன் பலகைகளிலேயே அந்த ஒரு டப்பா அடுக்கைச் செய்யச் சொல்லுங்கள். வலைக் கதவுகள் இரண்டையும் கீழ்த்தட்டுகளுக்கு மாட்டினால் ஈ, பல்லி வராது. மாமியாருக்கும் தன் பழைய அலமாரி வீட்டை விட்டுப் போகவில்லை என்றிருக்கும்.

பணம் ஒரேயடியாக வேண்டாம். போகிக்கு ஒழிப்பது, ஃபிரிட்ஜை நகர்த்துவது, பெயின்ட், விளக்கு, இவை முதலில். இவற்றிலேயே பாதி வித்தியாசம் தெரிந்துவிடும். கதவும் அடுக்கும் அடுத்தது. சுவர் வெட்டுவது கடைசி. அது தண்ணீர்த் திருவிழாவுக்கு முன்னால் முடிய வேண்டும். ஏப்ரல் நடுவில் ஆட்கள் ஊருக்குப் போனால் திரும்பி வருவதற்குள் மழை வந்துவிடும், நீங்கள் அரைச் சுவரோடு உட்கார்ந்திருப்பீர்கள்.

எதையும் செய்வதற்கு முன் ஒரு சாக்பீஸ் எடுத்து, புதிய அடுக்கு வரப்போகும் இடத்தைத் தரையில் கோடு போடுங்கள். தடுப்புச் சுவரில் வெட்டப்போகும் சதுரத்தையும் வரையுங்கள். மூன்று நாள் அந்தக் கோடுகளுக்குள்ளேயே சமையுங்கள். உங்கள் மாமியார் எங்கே மனையைப் போட்டு உட்காருகிறார் என்று பார்த்து, அந்த இடத்தையும் ஒரு வட்டம் போட்டு, படம் எடுத்து அனுப்புங்கள். அடுக்கு அந்த வட்டத்தைத் தொட்டால் நீளத்தை நான்கடியாகக் குறைத்துவிடலாம்.